கிளவுசர் மின்னோ

கிளவுசர் மின்னோ என்பது ஈத்தூண்டில் மீன்பிடிப்பில் பயன்படும் செயற்கை இரைகளுள் ஒன்றாகும். தூண்டில் முள்ளின் மீது மயிரையும் மினுக்கு இழைகளையும் நூலால் கட்டி, சிறு மீனின் தோற்றமும் அசைவும் தோன்றுமாறு இது செய்யப்படுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த பாப் கிளவுசர் என்பவர் 1987இல் இதனை உருவாக்கினார். தண்டின் மேல் கட்டப்படும் கனமான இரட்டைக் கண்களும், மிகக் குறைந்த அளவிலான மயிரும் இதன் இரு அடையாளங்கள். நன்னீர், உவர்நீர் ஆகிய இரண்டிலும் உலகின் பல பகுதிகளில் இது பயன்படுத்தப்படுகிறது.

பெயரும் வகையும்

'மின்னோ' என்பது ஆங்கிலத்தில் பொடிமீன்களைக் குறிக்கும் பொதுச்சொல். இவ்விரை 'கிளவுசர் ஆழ்நீர் மின்னோ' எனவும் வழங்கப்படுகிறது.

மண்புழுவும் தக்கையும் கொண்ட வழக்கமான தூண்டிலில், தங்கூசியைத் தொலைவுக்கு இழுத்துச் செல்வது அதன் நுனியில் உள்ள ஈயக்குண்டின் எடையாகும். ஈத்தூண்டிலில் இது தலைகீழாகிறது. இங்கு எடை தடித்த கயிற்றிலேயே இருக்கிறது. இரை ஏறக்குறைய எடையற்றது. கோலை முன்னும் பின்னுமாக வீசும்போது கயிறு காற்றில் விரிந்து இரையைக் கொண்டு சேர்க்கிறது. தொடக்கத்தில் இவ்விரைகள் ஈ, கொசு போன்ற பூச்சிகளைப் போலச் செய்யப்பட்டதால் 'ஈ' என்ற பெயர் நிலைத்தது. பூச்சியை அன்றிச் சிறு மீனைப் போலச் செய்யும் நீண்ட வகை 'ஸ்ட்ரீமர்' எனப்படும். கிளவுசர் மின்னோ எடை சேர்க்கப்பட்ட ஸ்ட்ரீமர் ஆகும்.

வரலாறு

ஸ்ட்ரீமர் வகை கிளவுசருக்கு முன்பே நன்கு வளர்ந்திருந்தது. மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி கட்டிய 'கிரே கோஸ்ட்' இன்றளவும் பெயர் பெற்றது. எனினும் அக்கால ஸ்ட்ரீமர்கள் பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தின. அடித்தளத்தை அடைய அவற்றால் எளிதில் இயலவில்லை.

பாப் கிளவுசர் சஸ்குவெகன்னா ஆற்றங்கரையில் உள்ள மிடில்டவுன் நகரில் தூண்டில் கடை நடத்தியவர். மீன்பிடி வழிகாட்டியாகவும் இருந்தார். அவ்வாற்றின் சிறுவாய் பாஸ் மீன்கள் பாறைகளுக்கிடையே, அடித்தளத்தில் இரை தேடுபவை. 1980களின் நடுப்பகுதியில் வாப்சி என்னும் நிறுவனத்தின் டாம் ஷ்முக்கர், உடற்பயிற்சிக்கான இருதலைக் குண்டைப் போன்ற வடிவில் வார்க்கப்பட்ட சிறு ஈயக் கண்களைக் கிளவுசருக்கு அனுப்பினார். அவற்றைத் தண்டில் கட்டிப் பார்த்ததிலிருந்தே இவ்வடிவம் பிறந்தது. ஈத்தூண்டில் எழுத்தாளரான லெஃப்டி கிரே (இறப்பு 2018) 1989இல் இதழ்க்கட்டுரை வழியாக இதனைப் பரவலாக அறிமுகம் செய்தார். தாம் இவ்வொரு வடிவத்தைக் கொண்டே 80க்கும் மேற்பட்ட மீனினங்களைப் பிடித்ததாக அவர் கூறியுள்ளார்.

அமைப்பும் இயக்கமும்

இதன் இயக்கத்தை அறிய எடை எங்கு அமர்ந்துள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். தூண்டில் முள்ளைக் கிடையாகப் பிடித்தால், முனை கீழ்ப்புறத்தில் இருக்கும். இரட்டைக் கண்கள் அதற்கு எதிர்ப்புறத்தில், அதாவது தண்டின் மேல் கட்டப்படுகின்றன. நீரில் விட்டதும் எடை கீழே செல்ல, முள் முழுவதும் கவிழ்ந்து முனை மேல்நோக்கி நிற்கிறது. கல்லிலும் கட்டையிலும் முனை மாட்டுவது இதனால் குறைகிறது. மீனின் மேல்தாடையில் முள் தைப்பதும் இதனாலேயே.

கண்கள் தண்டின் நடுவில் இல்லாமல் முன்பகுதியில் இருப்பதால், கயிற்றை இழுக்கும்போது இரை முன்னேறி மேலெழுகிறது. இழுப்பை நிறுத்தியதும் தலைகுப்புறக் கீழே பாய்கிறது. துரத்தப்படும் பொடிமீன் அடித்தளத்தை நோக்கி ஓடுவதும் இவ்வாறே. இடைவிடாமல் ஒரே சீராக இழுத்தால் இவ்வசைவு கிடைக்காது. பெரும்பாலான மீன்கள் இரை கீழிறங்கும் கணத்திலேயே கவ்வுகின்றன என்பதால், அப்போது கயிறு தளர்ந்து போகாமல் பார்த்துக்கொள்வது தேவை.

புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே: மயிரை அதிகமாக வைத்தல். கையில் வைத்துப் பார்க்கும்போது அடர்த்தியான இரை அழகாகவும், குறைந்த மயிருள்ளது அரைகுறையாகவும் தோன்றும். நீருக்குள் நிலைமை மாறுகிறது. அடர்ந்த மயிர்க்கற்றை காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நீரின் தடையைக் கூட்டுகிறது. கண்களின் எடையைச் செயலற்றதாக்கி, பாய வேண்டிய இரையை மிதந்து இறங்கச் செய்கிறது. மேலும் பொடிமீன்கள் பலவற்றின் உடல் ஏறத்தாழ ஒளி ஊடுருவக்கூடியது. மயிர்களுக்கிடையே ஒளி புகும் இரையே அவற்றை ஒத்திருக்கும். ஒவ்வொரு கற்றையும் அழுத்திப் பிடித்த நிலையில் தீக்குச்சியின் பாதித் தடிமனைத் தாண்டாதிருப்பது நல்ல அளவு. வீசும் எளிமையும் இதனைச் சார்ந்ததே. நீரை உறிஞ்சிய தடித்த கற்றையோடு கனமான கண்களைக் காற்றில் வீசுவது கடினம்.

கட்டும் முறை

முள் சிறிய வைஸ் ஒன்றில் இறுகப் பிடிக்கப்படுகிறது. முள்ளின் காதுக்குப் பின்னால் தண்டின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி நூலால் ஓர் அடித்தளம் சுற்றப்படும். கண்களை அதன்மேல் குறுக்காக வைத்து, எட்டு வடிவில் பல சுற்றுகள் இறுக்கிச் சுற்ற வேண்டும். பின்னர் கண்களுக்குக் கீழும் தண்டுக்கு மேலுமாக வட்டச் சுற்றுகள் சில இடப்படும். எட்டு வடிவச் சுற்றுகளை நெரித்து இறுக்குவது இவைதாம். ஒரு துளி உடனடிப் பசை இட்டு உலர விட்டால் கண்கள் சுழலா. கண்கள் சற்றே கோணினாலும் இரை பக்கவாட்டில் சாய்ந்து நீந்தும். ஆகவே மயிர் வைக்கும் முன்பே இதனைச் சரிசெய்துவிட வேண்டும்.

முதல் கற்றை வயிற்றுப்புறத்துக்கான வெள்ளை மயிர். கண்களுக்கு முன்னால் இதன் அடியைக் கட்டி, இரு கண்களுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியே பின்னோக்கி இழுத்து, கண்களுக்குப் பின்னாலும் ஒருமுறை கட்டுவர். அடுத்து, முள் வைஸில் கவிழ்த்து வைக்கப்படுகிறது. நீரில் இருக்கும் நிலை இதுவே. இப்போது ஆறு முதல் பத்து வரையிலான மினுக்கு இழைகளும், அவற்றின் மேல் முதுகுப்புறத்துக்கான நிற மயிரும் கண்களுக்கு முன்னால் மட்டும் கட்டப்படுகின்றன. இக்கற்றையைக் கண்களுக்குப் பின்னால் கட்டாமல் தளர விடுவதால், முள்முனையின் இருபுறமும் அது விரிந்து அசைகிறது. தலைப்பகுதியை நூலால் கூம்பாகச் சுற்றி முடிச்சிட்டு, மேலே மெருகு பூசுவதோடு வேலை முடிகிறது. இரையின் மொத்த நீளம் முள்ளின் நீளத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு.

மயிர்நுனிகளை வெட்டிச் சமப்படுத்தக் கூடாது. இயற்கையான ஏற்றத்தாழ்வோடு விட்டால்தான் வால் கூம்பிய வடிவம் கிடைக்கும். கற்றையின் அடியில் உள்ள குறுமயிரையும் பஞ்சையும் மட்டும் விரலால் உருவி நீக்கிவிடலாம். மான்வாலின் அடிப்பகுதி மயிர் உட்புழையானது. நூலை இறுக்கினால் துடைப்பம் போல் விரிந்துவிடும். வாலின் நடு, நுனிப் பகுதிகளே ஏற்றவை.

இளம்பச்சை கலந்த மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த வடிவமே மிகுதியாகக் காணப்படுவது. கலங்கிய நீரில் கறுப்பு முதுகு தெளிவான உருவைத் தரும்.

மாற்றுப் பொருள்கள்

மூல வடிவில் பயன்படுவது அமெரிக்க வெள்ளைவால் மானின் வால்மயிர். இந்தியாவின் புள்ளிமான், கடமான் ஆகியவை 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றின் மயிரை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். நீண்ட வெள்ளாட்டு மயிர் நல்ல மாற்று. அது மானின் மயிரைவிட மென்மையானதால், நீரில் கூடுதலாக நெளியும். நைலான் சவுரி முடி முதுகுப்புறத்துக்குப் பொருந்தும். நீரை உறிஞ்சாதது அதன் சிறப்பு. மினுக்கு இழைக்கு, புடவைக் கரையில் இடம்பெறும் செயற்கைச் சரிகையின் இழைகளே போதுமானவை. நகப்பூச்சு தலைப்பகுதியின் மெருகாகப் பயன்படும்.

ஆழமற்ற நீருக்கான இலேசான கண்களை, கைகழுவும் தொட்டியின் அடைப்பானில் கோத்துள்ள மணிச் சங்கிலியிலிருந்து இரண்டு மணிகளாக வெட்டி எடுக்கலாம். இவை உட்புழையானவை என்பதால் இரை மெதுவாக இறங்கும். ஈத்தூண்டில் கட்டுவோரிடையே இது பழைய வழக்கமே. கனமான கண்களுக்குப் பித்தளைக் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் இட்டு நடுவில் இடை குறைத்தால் போதும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற பட்டறைகள் நிறைந்த பகுதியில் இது சில நிமிட வேலை.

ஈயம்

முதலில் செய்யப்பட்ட கண்கள் ஈயத்தால் ஆனவை. மலிவு, அடர்த்தி, எளிதில் உருகும் தன்மை ஆகியவற்றால் ஈயம் தூண்டிலிலும் வீச்சுவலையிலும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது நச்சு உலோகம். அறுந்து நீரடியில் கிடக்கும் சிறு ஈயக்குண்டுகளைச் சரளைக் கற்கள் என எண்ணி நீர்ப்பறவைகள் விழுங்குகின்றன. அரைவைப்பையில் தேய்ந்த ஈயம் இரத்தத்தில் கலக்கிறது. அன்னங்கள் இவ்வாறு பெருமளவில் மாண்டதை அடுத்து, 1987இல் பிரித்தானியாவில் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகள் தடைசெய்யப்பட்டன. கிளவுசர் மின்னோ உருவானதும் அதே ஆண்டில்தான் என்பது ஒரு தற்செயல் பொருத்தம்.

கண்களின் எடை பொதுவாக அரை கிராமுக்கும் ஒன்றேகால் கிராமுக்கும் இடைப்பட்டது. தனித்துப் பார்த்தால் இது சிறிது. ஆனால் அடித்தளத்தை ஒட்டி இழுக்கப்படும் இரை அடிக்கடி அறுந்து தங்கிவிடும். அது தங்கும் இடம் குடிநீர் ஏரியாகவும், நாரைகளும் வாத்துகளும் மேயும் இடமாகவும் இருக்கையில், ஈயத்தைத் தவிர்ப்பதே முறை. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம், டங்ஸ்டன் 19.3 கிராம் எடையுள்ளவை. எனவே அதே அளவுள்ள பித்தளைக் கண் ஈயத்தைவிட நான்கில் ஒரு பங்கு இலேசானது. கண்ணைச் சற்றுப் பெரிதாக்கினால் குறை தீரும். கடைசலுக்கான பித்தளையிலும் இரண்டு மூன்று விழுக்காடு ஈயம் கலந்திருப்பதுண்டு. வீட்டில் ஈயத்தை உருக்கி வார்ப்பது, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள இடத்தில், தவிர்க்க வேண்டிய செயல்.

தமிழ்நாட்டில் ஈத்தூண்டில்

சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே 1887இல் தனி நூல் ஒன்றையும் எழுதினார். நீலகிரியில் டிரவுட் மீன்களைக் குடியேற்ற 1860களில் பிரான்சிஸ் டே மேற்கொண்ட முயற்சி தோல்வியுற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எச். சி. வில்சன் அதில் வெற்றி கண்டார். அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகமும் அமைந்தது. தமிழ்நாட்டில் ஈத்தூண்டில் நெடுங்காலம் மலைநீரோடைகளின் விளையாட்டாகவே கருதப்பட்டதற்கு இது ஒரு காரணம்.

மேற்குச் சென்னை ஏரிகளில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. அவற்றுள் பெரியதான செம்பரம்பாக்கம் ஏரி 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் 24 அடி முழு ஆழமும் உடையது. சென்னையின் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்று. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிகள் இவற்றினும் சிறியவை. ஏரிகளில் மீன்பிடி உரிமை அரசுத் துறைகளிடமோ குத்தகைதாரரிடமோ இருப்பதால், உரியவரின் அனுமதி பெற்றே தூண்டிலிட வேண்டும்.

இவ்வேரிகளில் எல்லா மீனும் இவ்விரையைத் தேடி வருவதில்லை. கட்லா மிதவை நுண்ணுயிர்களை உண்பது. ரோகு பெரும்பாலும் தாவரப் பொருள்களை உண்பது. சிலேபியும் பொடிமீனைத் துரத்துவது அரிது. விரால், குறவை, வாளை ஆகிய ஊனுண்ணிகளே இதற்குரியவை. அவற்றிலும் விராலைப் பொறுத்தவரை கிளவுசர் மின்னோ எப்போதும் சிறந்ததன்று. விரால் காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வருவது. ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் இடையே பதுங்குவது. அடர்ந்த களைகளுக்கு நடுவே உள்ளூர்த் தூண்டிற்காரர்கள் இடும் தவளையே, அல்லது அதன் ரப்பர் உருவே, மேலான இரை. களைகளின் ஓரத்தில் திறந்த நீர் ஆழமாகும் இடத்திலும், மதகை அடுத்த பள்ளத்திலும் மட்டுமே எடையுள்ள ஸ்ட்ரீமர் பயன்தரும். ஒன்றிரண்டு அடி நீரில் மணிச் சங்கிலிக் கண்ணே போதும். கனமான கண் சேற்றில் புதையும்.

மழைக்காலத்தில் இனப்பெருக்கம் செய்யும் விரால், செந்நிறக் குஞ்சுகளின் கூட்டத்தைக் காத்தபடி சுற்றிவரும். அருகே வரும் எதையும் தாக்கும் என்பதால் அப்போது அதனைப் பிடிப்பது மிக எளிது. பெற்றோர் அகற்றப்பட்ட குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஆதலால் செங்குஞ்சுக் கூட்டத்தின் மீது இரை வீசாதிருப்பது நல்ல தூண்டிற்காரரின் வழக்கம்.

இவ்வட்டாரத்துக்குக் கிழக்கே, எண்ணூர், பழவேற்காடு, கோவளம் ஆகிய கழிமுகங்களில் வாழும் கொடுவா மீனுக்கு இவ்விரை இன்னும் பொருத்தமானது. ஓதம் வடியும் வேளையில், பொடிமீன்கள் வெளியேறும் வாய்க்கால்களின் முகத்தில் கொடுவா காத்திருக்கும். உவர்நீர்க்குத் துருப்பிடிக்காத எஃகு முள் தேவை.

எடையுள்ள இரையை வீசும்போது கயிற்றின் வளையத்தை அகலமாக விட வேண்டும். குறுகிய வளையத்தில் இரை தாழ்ந்து வந்து பிடரியில் அடிப்பதுண்டு. கோலில் மோதி அதனை முறிப்பதும் உண்டு. கண்ணாடியும் தொப்பியும் அணிவதும், எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுவதும் பாதுகாப்பானவை. எதிர்முள் நசுக்கப்பட்டால் மீனை விடுவிப்பதும் எளிதாகும்; விரலில் தைத்தாலும் முள் நேராக வெளியே வரும்.