ஒரே பத்திரத்தில் பல பெயர்கள்

நாலைந்து குடும்பங்கள் காசு போட்டு நிலம் வாங்கி, எல்லார் பேரையும் பத்திரத்தில் ஏற்றிவிட்டால் அதை யாரும் பறிக்க முடியாதுதானே? நிலவுரிமை பற்றிப் பேசப் போகிற ஊர்களில் எல்லாம் இளைஞர்கள் எங்களிடம் இதைக் கேட்கிறார்கள்.

பறிக்க வேண்டியதே இல்லை தோழர்களே, ஒரு பங்கை விலைக்கு வாங்கினால் போதும். கூட்டாக வாங்கிய நிலத்தில் ஒவ்வொருவருக்கும் இருப்பது பிரிபடாத பாகம். தன் பாகத்தை ஒருவர் வெளியாளுக்கு விற்றால், வாங்கியவர் பாகப்பிரிவினை கேட்கலாம் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு. அந்த வெளியாள் யாராக இருப்பார் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் ஓரளவு அரண் தருகிறது. பிரிக்க முடியாத சொத்தை ஏலம் விடச் சொல்ல, பாதிப் பங்காவது கையில் இருக்க வேண்டும். அப்படிக் கேட்டாலும், மற்ற பங்குதாரர்கள் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பணம் வேண்டும், வக்கீல் வேண்டும்.

அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களுக்கு இந்த அரண்கூட இல்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு, தருவதாகச் சொன்ன நிலமும் கிடைக்காமல், கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியே 1910 வாக்கில் சுமார் 1.5 கோடி ஏக்கர் சேர்த்திருந்தார்கள். வெள்ளையர் நீதிமன்றத்தை நம்பி யார் உயில் எழுதுவார்கள்? அப்பா இறந்தால் நிலம் பிள்ளைகள் எல்லாருக்கும் பிரிபடாத பாகமாகப் போனது. பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரே நிலத்துக்குப் பத்து இருபது வாரிசுகள். வடக்கே நகரத்துக்குப் போய்விட்ட ஒரு வாரிசைத் தேடிப்பிடித்து அவர் பங்கை மலிவாக வாங்கிய நிலத்தரகர், பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போட்டார். முழு நிலமும் ஏலத்துக்கு வந்தது. ரொக்கம் வைத்திருந்தவர் எடுத்துக்கொண்டார். வன்முறையாலும் கடன் மறுப்பாலும் போன நிலமும் ஏராளம். ஆனால் இந்த வழியில் போனதற்கு நீதிமன்றமே முத்திரை குத்திக் கொடுத்தது. மற்ற வாரிசுகளே முதலில் வாங்கிக்கொள்ள உரிமை தரும் மாதிரிச் சட்டம் அங்கே 2010இல்தான் எழுதப்பட்டது.

ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்ததற்காகவே குத்தகைக் குடும்பங்கள் துரத்தப்பட்டன. குடியிருக்கும் மண் பண்ணையாருடையது என்றால் வாக்கும் அவருடையதுதான். நம் சேரிகளுக்கும் இது தெரியும். அங்கே சிவில் உரிமைப் போராட்டத்தில் இருந்த சார்லஸ் ஷெராடும் தோழர்களும் 1969இல் ‘நியூ கம்யூனிட்டீஸ்’ அமைப்பைத் தொடங்கி, சுமார் 5,700 ஏக்கர் வாங்கினார்கள். பத்திரத்தில் தனிநபர் பெயர் ஒன்றுகூட இல்லை. நிலம் லாப நோக்கற்ற அந்த அமைப்பின் பெயரில்; குடும்பங்களுக்கு நெடுங்காலக் குத்தகை, கட்டும் வீடு மட்டும் அவர்களுடையது என்பது திட்டம். விற்பதற்குத் தனிப் பங்கே கிடையாது. (இந்த யோசனையில் வினோபாவின் கிராமதானத்துக்கும் பங்குண்டு. அந்த இயக்கம் நம் மக்களுக்கு எவ்வளவு நிலம் தந்தது என்பது வேறு விவாதம்.)

நம் பஞ்சமி நிலத்திலும் விற்பனைத் தடை இருந்தது. முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் பட்டியல் சாதியினருக்கு மட்டுமே. ஆனால் அந்த நிபந்தனையைக் காக்கும் பொறுப்பு வருவாய்த்துறை அதிகாரிகளிடம் இருந்தது. முடிவு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஜார்ஜியாவில் அந்தக் காவல் நிலத்தில் உழைத்தவர்களின் அமைப்பிடமே இருந்தது. எங்கள் பார்வையில் முக்கியமான வேறுபாடு இதுதான்.

அப்படியும் கடன் என்ற வாசல் திறந்தே கிடந்தது. எதிர்பார்த்த அரசு நிதி வராததால் வீடுகள் எழவில்லை. கூட்டுப் பண்ணையாக மட்டும் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் வறட்சி. வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1985இல் நிலம் கடனுக்குப் போனது.

கறுப்பின விவசாயிகள் வேளாண் துறை மீது தொடுத்த பாகுபாட்டு வழக்கின் வழியே 2009இல் அவர்களுக்குச் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. இரண்டு ஆண்டுகளில் ஆல்பனி நகருக்கு அருகே, ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்தப்பட்ட 1,638 ஏக்கர் தோட்டத்தை வாங்கினார்கள். இந்த முறையும் பத்திரம் அமைப்பின் பெயரில்தான்.