விரால் தூண்டிலும் பாசிக் காவலும்

ஏரியில தூண்டில் போட்டவங்களுக்கு ஒரு விஷயம் நல்லா தெரியும். மீன் எங்கே இருக்கோ, அங்கேதான் பாசியும் இருக்கும். வெட்ட வெளித் தண்ணியில முள் சிக்காது, ஆனா விராலும் அங்கே வராது. கோரை ஓரம், அல்லி இலைக்கு அடியில, ஆகாயத்தாமரை மெத்தைக்குக் கீழேதான் அது காத்திருக்கும். அங்கே முள்ளைப் போட்டா இழுக்கும்போது கையோட வர்றது பாசிக்கொத்துதான்.

மீனையும் பாசியையும் நம்ம ஆட்கள் என்னைக்குமே பிரிச்சுப் பார்த்ததில்லை. பழைய கல்வெட்டுகளில் ஏரி மீன்பிடிக்கு வாங்கிய வரியின் பெயர் 'பாசிப்பாட்டம்'. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதை இன்றைக்கும் எங்க பக்கம் 'மீன்பாசி குத்தகை' என்றுதான் சொல்கிறோம். அந்த மீன் வருமானத்தை ஏரியைத் தூர் வாரவும் கரையைக் காக்கவும் ஒதுக்கிய ஊர்கள் இருந்தன. தண்ணி, மீன், தூர்வாரல் மூணும் ஒரே கணக்கில் ஓடிய காலம் அது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து ஏரிகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நிறையும், சித்திரையில் சேறாகும். இப்படிப்பட்ட ஏரிக்கு ஏத்த மீன் விரால். தண்ணியில காத்து குறைஞ்சாலும் மேலே வந்து வாயால் மூச்சு வாங்கிக்கொள்ளும். அப்படி மேலே வர்றதுதான் தூண்டில்காரனுக்கு அடையாளம். பாசி நடுவுல 'ப்ளக்'னு ஒரு சத்தம் கேட்டா கழியை எடுத்துடுவாங்க.

விராலுக்குப் பழைய இரை தவளை. உயிருள்ள சின்னத் தவளையை முள்ளில் கோத்து, இலை மேல குதிக்கிற மாதிரி தட்டித் தட்டி இழுப்பார்கள். வெள்ளைக்காரர்களும் இந்த மீனைக் கவனித்தார்கள். மதராஸ் மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு புத்தகமும், 1887-ல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொரு புத்தகமும் வெளியிட்டார். விராலை ஆங்கிலேயர்கள் 'முரல்' என்று எழுதினார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் 'பாஸ்' என்ற மீன் பின்னால் ஒரு கூட்டம் அலைந்தது. அதுவும் விரால் மாதிரியே பாசிக்குள் பதுங்கி, பக்கத்தில் வர்றதை லபக்கென்று பிடிக்கிற மீன். மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெடன் 1890களில் மரத்தில் செதுக்கிய தூண்டில் இரை என்ன உருவம் தெரியுமா? தவளைதான்! பிறகு 1920களில் லூயிஸ் ஜான்சன் என்பவர் செய்த கரண்டி வடிவ உலோக இரையில், முள்ளின் முனைக்கு முன்னால் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. முள்ளைப் பாசியிலிருந்து காப்பதுதான் அந்தக் கம்பியின் வேலை.

இன்றைக்கு வீட்டிலேயே ஈயத்தை உருக்கி, முள்ளோடு சேர்த்து வார்த்து இரை செய்பவர்களும் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள். ஈயத் தலையில் ஒரு சின்னத் துளை விட்டு, அதில் நைலான் நார்க்கற்றையையோ விறைப்பான கம்பியையோ ஒட்டிவிடுவார்கள். அது சாய்வாக நீண்டு முள் முனைக்கு முன்னால் நிற்கும். பாசி வந்து மோதினால் நார் மேல் வழுக்கிப் போய்விடும். மீன் வாயை மூடினால் நார் மடங்கி முள் ஏறும். இதில் பதம்தான் முக்கியம். நார் ரொம்ப விறைப்பா இருந்தா மீனுக்கும் மடங்காது, ரொம்ப தளர்வா இருந்தா பாசிக்கும் மடங்கிடும். விரலால் லேசா அழுத்தினா மடங்கி, விட்டா நிமிரணும். ஈயத்தை உருக்கும்போது புகையை மூச்சில் இழுக்கக் கூடாது, சமையல் பாத்திரமும் வேண்டாம். விஷம் அது.

எங்க பக்கத்துப் பசங்க ஈயத்தைவிட ரப்பர் தவளையைத்தான் விரும்புறாங்க. முள் இரண்டும் தவளையின் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். ஆகாயத்தாமரை மேலேயே இழுக்கலாம், சிக்காது. விரால் கவ்வினால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். உடம்பே காவல், தனியாகக் கம்பி தேவையில்லை.

ஒரு விவசாயியா எனக்கு இதில் பெரிய சந்தோஷம் ஒன்று இருக்கிறது. நம்ம நாட்டிலிருந்து ஒரு காலத்தில் தவளைக் கால்கள் டன் கணக்கில் வெளிநாட்டுக்குப் போயின. வயலில் பூச்சி தின்கிற ஜீவன் குறைகிறதே என்ற கவலை வளர்ந்து, 1987-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நெல்வயலில் தவளை கத்தினால் எனக்கு மருந்துச் செலவு மிச்சம். தூண்டிலுக்காக நாலு தவளை போவதும் ஏற்றுமதியும் ஒண்ணு இல்லைதான். ஆனா ரப்பரே வேலையை முடிக்கும்போது உயிருள்ளதை ஏன் குத்தணும்?

பாசியும் பழைய பாசி இல்லை. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குள் நுழைந்து, 1936-ல் அதை ஒழிக்கத் தனிச் சட்டமே போடும் அளவுக்குப் பரவியது. இன்னொரு பக்கம், சமூகக் காடு வளர்ப்பு என்று ஏரிக்குள் கருவேல மரங்களை நட்டார்கள். சிலேபி மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்து, இப்போ எந்த ஏரியிலும் இருக்கிறது. கோரையும் அல்லியும் விராலுக்கு வீடு. ஆனா ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடினால் வெளிச்சம் போய், தண்ணி அழுகிவிடும். முள்ளுக்குக் காவல் போட்டு அதற்குள் மீன் பிடிக்கலாம். ஏரிக்குக் காவல் தூர் வாருவதும் களை எடுப்பதும்தான். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு பழையபடி அதற்கே போகணும் என்பது என் கருத்து.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் தூண்டிலோடு இங்கே வருகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். முதலில் குத்தகைதாரரிடம் கேளுங்கள், ஏரி சும்மா கிடப்பது இல்லை. மரக்காணம் பக்கம் கழுவெளி 2021-லிருந்து பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டிலை எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் சிவப்பா ஒரு குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால், அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எது கிட்டே வந்தாலும் அடிக்கும், சுலபமாக மாட்டும். அதைப் பிடித்தால் ஒரு மீன் கிடைக்கும், காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்த இடத்தை விட்டு இருபது அடி தள்ளிப் போய் வீசுங்கள்.