குமண வில்லும் அதன் பறவைகளும்

இலங்கையின் தென்கிழக்குக் கரையிலே, உகந்தை முருகன் ஆலயத்துக்குத் தெற்கே, கும்புக்கன் ஓயாவின் வடபால் அமைந்திருப்பது குமண. கிழக்கிலங்கைத் தமிழர் இதனைக் கூமுனை என்றும் வழங்குவர். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் இக்காட்டு வழியாகவே செல்கின்றனர். பிராமிக் கல்வெட்டுகளையுடைய குடும்பிகல குகைகளும் அணித்தே உள்ளன. ஆயினும் குமணவின் பெயரை உலகறியச் செய்தவை பறவைகளேயாம்.

வில்லு என்பது ஆழங்குறைந்த இயற்கை நீர்நிலை. ஏறக்குறைய 200 எக்டேர் பரப்புள்ள குமண வில்லிலே கண்டல் மரங்கள் செறிந்து நிற்கின்றன. கும்புக்கன் ஓயாவின் நீர் ஓர் ஓடை வழியாக இதனை அடைகின்றது. அந்நீர் இரைக்கு மீனைத் தருகின்றது. கூடுகளுக்கு அகழியாகவும் அமைகின்றது.

கூடுகட்டும் பருவத்தில் விடியற்காலையிலே இதன் கரையில் நிற்போர், கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் முதலியன ஒரே மரக்கூட்டத்தில் குடியிருப்பதைக் காணலாம். நண்பகல் வெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் செய்யும். மாலையில் கொக்குகள் அடைய வரும். இராக்கொக்குகளோ அப்பொழுதுதான் இரை தேடப் புறப்படும்.

இக்காட்சி தானாகவே நிலைத்ததன்று. 1938ஆம் ஆண்டில் குமண பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 1970இல் இப்பிரதேசம் யால கிழக்குத் தேசியப் பூங்கா ஆயிற்று. உள்நாட்டுப் போரினால் 1985இல் பூங்கா மூடப்பட்டது. குமணக் கிராமத்தவரும் இடம்பெயர்ந்தனர். 2003இல் வாயில் மீண்டும் திறந்தது. மறு ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2006இல் குமண தேசியப் பூங்கா என்னும் பெயர் வழங்கப்பட்டது. 2010இல் இங்குள்ள ஈரநிலங்கள் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன.

சரணாலயச் சட்டம் வேடன் துப்பாக்கியைத் தடுக்கும். வில்லுக்கு நீரைக் கொண்டுவர அதனால் இயலாது. கும்புக்கன் ஓயா தோன்றுவது பூங்காவுக்கு அப்பால், ஊவா மலைச்சாரலிலே. மேலே ஆறு மெலியுமாயின் கீழே வில்லு வற்றும்; வில்லு வற்றுமாயின் மீனில்லை, கூடுமில்லை. ஆதலால் குமணப் பறவைகளைக் காக்கும் பொறுப்பு வனக்காவலரோடு முடிவதன்று. அவ்வாற்று நீரைப் பயன்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அதிற் பங்குண்டு.