கலிஸ்டோ

கலிஸ்டோ, கிரேக்கத் தொன்மத்தில் கரடியாக உருமாற்றப்பட்டுப் பின்னர் விண்மீன் கூட்டமாக வானில் இடம்பெற்ற கன்னி. தென் கிரேக்கத்தின் மலைநாடான ஆர்க்கேடியாவை ஆண்ட லிக்காவோனின் மகள் என்பது பரவலான மரபு. வனதேவதை என்போரும் உண்டு.

கதை

வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிசின் தோழியாகிக் கன்னிமை நோன்பு பூண்டவள் கலிஸ்டோ. அவள்மீது மோகம் கொண்ட தேவர்களின் அரசன் ஜீயஸ், ஆர்ட்டெமிசின் உருவிலேயே வந்து ஏமாற்றி அவளை வன்புணர்ந்தான். மாதங்கள் கழித்துத் தோழியரோடு நீராடும்போது அவள் கருவுற்றிருப்பது தெரியவர, ஆர்ட்டெமிஸ் அவளை விரட்டிவிட்டாள். மகன் ஆர்க்கஸ் பிறந்ததும் ஜீயசின் மனைவி ஹீரா அவளைக் கரடியாக்கினாள். வளர்ந்து வேட்டைக்கு வந்த ஆர்க்கஸ், தாயென்று அறியாமல் அந்தக் கரடியைக் கொல்ல முனைந்தபோது, ஜீயஸ் இருவரையும் வானில் சேர்த்தான். ஆத்திரம் தணியாத ஹீரா, அந்தக் கரடி ஒருநாளும் கடலில் இறங்கி நீராடக் கூடாது என்று கடல் தெய்வங்களிடம் கேட்டுப் பெற்றாள்.

வேறு வடிவங்கள்

அப்பொல்லொடோரஸ் பெயரில் வழங்கும் தொன்மத் தொகுப்பில், ஹீராவிடமிருந்து மறைக்க ஜீயசே அவளைக் கரடியாக்குகிறான். ஹீராவின் தூண்டுதலால் ஆர்ட்டெமிஸ் அம்பெய்து கொல்கிறாள். பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பெயரால் சொல்லப்படும் மரபில் உருமாற்றுபவள் ஆர்ட்டெமிஸ். இவற்றுள் எதிலும் ஜீயசுக்குத் தண்டனை இல்லை.

அவளுடைய துயரை மிக நெருங்கிப் பார்த்தவர் ரோமக் கவிஞர் ஓவிட். கி.பி. 8ஆம் ஆண்டையொட்டி நிறைவுற்ற ‘உருமாற்றங்கள்’ காவியத்தின் 2ஆம் நூலில், இரக்கம் வேண்டி நீட்டிய அவள் கைகளில் கருமயிர் படர்கிறது. விரல்கள் வளைந்து நகங்களாகின்றன. மன்றாட வாய் திறந்தால் உறுமல்தான் வருகிறது. மனம் மட்டும் மனித மனமாகவே இருக்கிறது. தானும் கரடி என்பதை மறந்து, மலையில் கரடிகளைக் கண்டால் நடுங்குகிறாள்.

வானில்

அவள் உருவாகக் கிரேக்கர் கண்டது பெருங்கரடி விண்மீன் கூட்டம். அதன் ஒளிமிக்க ஏழு மீன்களே நமது சப்தரிஷி மண்டலம்; சங்கப் புலவர்கள் எழுமீன் என்றனர். கரடி மட்டும் கடலில் நீராடுவதில்லை என்று ஹோமரின் காவியங்களே குறிப்பிடுகின்றன. அக்காலத்தில் வானத்தின் வடதுருவம் அந்த மீன்களுக்கு இன்னும் அருகில் இருந்ததால், கிரேக்க வானில் அவை அடிவானத்துக்குக் கீழே இறங்கியதில்லை. கண்ணால் கண்ட இந்த உண்மைக்குக் கதை கற்பித்த காரணமே ஹீராவின் தடை. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள தமிழகத்தில் அவை எழுந்து மறைகின்றன.

1610இல் கலிலியோ கண்டறிந்த வியாழனின் நான்கு பெரிய நிலாக்களில் ஒன்றுக்கு அவள் பெயரைச் சூட்டியவர் ஜெர்மானிய வானியலாளர் சைமன் மாரியஸ். 1614இல் வெளியிட்ட நூலில் அப்பெயர் உள்ளது. சுமார் 4,820 கி.மீ. விட்டமுள்ள அந்த நிலாவின் மேற்பரப்பு முழுவதும் மோதல் பள்ளங்கள். 2023இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ஜூஸ் விண்கலம் அதையும் ஆராயவிருக்கிறது.

கலையில்

பிரான்செஸ்கோ கவாலி இசையமைத்த ‘லா கலிஸ்டோ’ ஆபரா 1651இல் வெனிசில் அரங்கேறியது. ஓவியங்களில் தலையாயது, 1556–59இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக இத்தாலிய ஓவியர் டிஷன் தீட்டியது. அது 2012 முதல் பிரிட்டனின் பொது உடைமை. அதில் தோழியர் கலிஸ்டோவைப் பிடித்து ஆடையை விலக்க, ஆர்ட்டெமிஸ் கைநீட்டித் தீர்ப்பளிக்கிறாள். குற்றமிழைத்த ஜீயஸ் அந்த ஓவியத்தில் எங்குமே இல்லை. பாதிக்கப்பட்டவளையே குற்றவாளியாக நிறுத்தும் வழக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதால்தான் கலிஸ்டோவின் கதை இன்றும் உயிரோடிருக்கிறது.