பெங்களூர்க் குழியும் நம் உரத்தொட்டியும்

கிளியனூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கொல்லையில் எருக்குழி இருக்கும். சாணம், வைக்கோல், வேர்க்கடலைத் தோல், அடுப்புச் சாம்பல் எல்லாம் அதில்தான் போகும். வருடத்துக்கு ஒருமுறை வண்டி கட்டி நிலத்துக்கு எரு அடிப்பார்கள். நாற்றம் என்று யாரும் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. நமது வளாகத்தில் உரத்தொட்டி கட்டி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதற்குள் அதை மூடிவிடலாம் என்று பொதுக்குழுவுக்குத் தீர்மானம் வந்துவிட்டது. கை தூக்கும் முன் இந்தத் தொட்டியின் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இந்தியாவில் ஊர்க்குப்பையை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று உயர்கல்வி வளாகம்தான்: 1909-ல் தொடங்கப்பட்ட பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். அங்கே பேராசிரியராக வந்த கில்பர்ட் ஃபவுலர் மான்செஸ்டரில் வேலை பார்த்தவர். 1914-ல் அந்த ஊரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றை ஊதிச் சுத்தம் செய்யும் முறையை வெளியிட்டார்கள். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் ஃபவுலர். நமது எஸ்.டி.பி.யில் இரவு பகலாகக் குமிழி விடுவதும் அதே முறைதான்.

ஏறக்குறைய அதே காலத்தில் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு, மாட்டுச் சாணத்தையும் பயிர்க்கழிவையும் வைத்து வேறொரு வழி கண்டார். தன்னுடன் வேலை பார்த்த வாட் என்பவரோடு சேர்ந்து 1931-ல் புத்தகமாகவும் எழுதினார். காய்ந்தது, பச்சை, சாணக் கரைசல், சாம்பல் கலந்த மண் என்று அடுக்கி, மூன்று முறை கிளறிவிட வேண்டும். கிளறினால் காற்று போகும், குவியல் சூடேறும், ஈப்புழு சாகும். மூன்று மாதத்தில் உரம் தயார்.

நகராட்சிகளுக்கு இது ஒத்துவரவில்லை. கிளற ஆள் வேண்டுமே! 1939-ல் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா இதற்கு விடை சொன்னார். சுமார் மூன்றடி ஆழக் குழியில் குப்பை ஒரு அடுக்கு, மலம் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி நிரப்பி, மேலே கனமாகக் குப்பை போட்டு, இரண்டு வாரம் விட்டு, சேற்றால் மெழுகி மூடிவிட வேண்டியது. ஆறு முதல் எட்டு மாதம் திறக்கவே கூடாது. ‘பெங்களூர் முறை’ என்று விவசாயக் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடத்துவது இதைத்தான்.

அந்தக் குழிகளுக்கு மலத்தைத் தலையில் சுமந்து வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளறும் ஆளை மிச்சப்படுத்திய முறை, சுமக்கும் ஆளை மிச்சப்படுத்தவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-ல் இன்னொன்றும் வர வேண்டியிருந்தது. நமது தொட்டியிலும் நாப்கினும் டயப்பரும் கிடந்தால் கையால் எடுப்பது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி நம் தொட்டி. ஹோவர்டு கிளறச் சொன்னார், ஆச்சார்யா மூடச் சொன்னார். நாம் இரண்டையும் செய்யவில்லை. தினமும் திறந்து, மேலே சாம்பாரும் சோறும் கொட்டி, சருகு போடாமல் விட்டுவிடுகிறோம். ஈரம் அதிகமாகி, காற்றுப் போகாமல் அழுகினால் நாறத்தான் செய்யும். தொட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மண்புழு ஒரு வழி. சென்னை நியூ காலேஜில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சுல்தான் இஸ்மாயில், வெளிநாட்டுப் புழு இல்லாமல் நம் மண்ணின் புழுக்களை வைத்தே உரம் செய்து காட்டினார். ஆனால் சூடான, காரமான, எண்ணெய்ச் சோற்றில் புழு தங்காது. முதலில் மக்கிப் பாதியானதைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

மூடிவிட்டால் என்ன? 2016 திடக்கழிவு விதிகள் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களை, மக்கும் குப்பையை இயன்றவரை உள்ளேயே உரமாக்கச் சொல்லியிருந்தன. கல்லூரிகளுக்கும் அதே விதிதான் இருந்தது. நம் வளாகம் அந்த அளவுக்கு மேல்.

என் யோசனை: இரண்டாவது தொட்டி ஒன்று. ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். ஒரு வாளி எச்சிலுக்கு ஒரு வாளி சருகு. மேற்கு மதில் ஓரம் இடம் இருக்கிறது. வேப்பஞ்சருகை எரிக்காமல் மூட்டை கட்டி வைக்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒன்பது மூட்டை சேர்ந்திருக்கிறது. பொதுக்குழுவுக்கு வரும்போது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பார்க்கலாம்.