படம் ஒரு புறம், குரல் ஒரு புறம்

1947 ஆகஸ்டு மாதம், விடுதலை நாளை ஒட்டி, மகாத்மா காந்தியைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று புதுதில்லியில் இந்தி விளக்கவுரையுடன் காட்டப்பெற்றது. அதைத் தொகுத்தவர் ஒரு தமிழர் என்பது தில்லித் தமிழரிற் பலருக்கே புதிய செய்தியாயிருக்கலாம். பயண நூல்களாலும் ‘குமரி மலர்’ இதழாலும் நாம் அறிந்த ஏ. கே. செட்டியாரே அவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது. பல நாடுகளில் அலைந்து, ஏறத்தாழ 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, அதில் 12,000 அடியைத் தேர்ந்து, 1940 ஆகஸ்டில் தமிழ் விளக்கவுரையுடன் வெளியிட்டார். பின்னர்த் தெலுங்கு, இந்தி. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலம். படம் ஒன்றே, குரல்கள் நான்கு.

அத் தொகுப்பில் பெரும்பகுதி ஊமைப்படமாகவே எடுக்கப்பெற்றது. ஊமைப்படக் காமிராவைப் பெரும்பாலும் கையாற் சுழற்றினர். நொடிக்குச் சுமார் 16 படச்சட்டங்கள் ஓடும். சுழற்றுபவர் கை சோர்ந்தால் அதுவும் குறையும். பேசும் படத்திற்கோ நொடிக்கு 24 என்று கணக்கு நிலைத்துவிட்டது. பழைய சுருளை அப்படியே புதிய வேகத்தில் ஓட்டினால் நடப்பவர் ஓடுவர். காந்தியடிகளின் நடையோ இயல்பிலேயே விரைவானது; கேட்க வேண்டுமா! இதற்குப் பரிகாரமாக, படி எடுக்கும்போது இரண்டுக்கு ஒரு படச்சட்டத்தை மீண்டும் ஒருமுறை பதிக்கும் முறை தோன்றியது.

விளக்கவுரை சற்று முன்பின்னாக வந்தாலும் செவி பொறுத்துக்கொள்ளும். திரையில் ஒருவர் வாய் திறந்து பேசும்போதுதான் உண்மையான தொல்லை பிறக்கிறது. 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ காலத்தில் பாடுகிறவரே நடிக்கவும் வேண்டும். நடிக்கும்போதே பாடவும் வேண்டும். 1938இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் டி. பி. ராஜலட்சுமிக்காக லலிதா வெங்கடராமன் பாடினார். உருவம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் வழக்கம் தமிழ்த்திரையில் அவ்வாறு புகுந்தது. அதே மெய்யப்பன் 1943ஆம் ஆண்டின் கன்னட ‘ஹரிச்சந்திரா’வை மறு ஆண்டு தமிழ் பேச வைத்தார். கன்னட உதடுகளின் அசைவில் தமிழ்ச் சொற்களைப் பொருத்தியவரின் உழைப்பு எளியதன்று.

குரலும் படமும் ஒரே சுருளில் இருக்கும்போதுகூட அவை அருகருகே இருப்பதில்லை என்பது வேடிக்கையான உண்மை. படம் விளக்கின் முன் நின்று நின்று செல்லவேண்டும். ஒலி நில்லாது ஓடவேண்டும். ஆகவே 35 மி.மீ. சுருளில் ஒலி, தனக்குரிய படத்துக்கு 21 படச்சட்டம் முன்னதாகவே பதிக்கப்படுகிறது.

தனித்தனியே பதிந்தவற்றை இணைக்க முதலில் உதவியது கிளாப் பலகை. பலகை மூடும் படச்சட்டத்தையும் ‘டப்’ என்னும் ஓசையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தொடக்கம் பொருந்தும். தொடக்கம் பொருந்தினாலும், இரு பொறிகளும் ஒரே வேகத்தில் ஓடினால்தானே முடிவும் பொருந்தும்? காமிராவையும் ஒலிப்பதிவுப் பொறியையும் கம்பியாற் பிணைத்து ஓட்டினர். போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் தொழில் நடத்திய ஸ்டெஃபான் குடெல்ஸ்கியின் ‘நாக்ரா’ ஒலிப்பதிவுப் பொறிகளில், காமிராவின் வேகத்தைக் குறிக்கும் மெல்லிய துடிப்பு ஒன்றும் ஒலியோடு நாடாவிற் பதிந்தது. பின்னர்ப் பளிங்குக் கடிகாரங்கள் வந்து கம்பிக்கும் விடைகொடுத்தன.

இவையெல்லாம் வேகத்தைச் சொல்லின, இடத்தைச் சொல்லவில்லை. அக் குறையைத் தீர்த்தது 1967இல் அமெரிக்காவில் உருவான காலக்குறி. தொழிலோர் அதனை ‘டைம்கோடு’ என்பர். ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் மணி, நிமிடம், நொடி, படச்சட்டம் என்னும் நான்கு எண்கள் கொண்ட முகவரி கிடைத்தது. 10:04:32:17 என்றால் அது ஒரே ஓர் இடம். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 படச்சட்டம். ஆகவே மணிக்கு 90,000 முகவரிகள். ஒலியிலும் அதே எண்கள் பதிந்திருந்தால், இரண்டையும் தேடிச் சேர்ப்பது பொறியின் வேலை.

எண் இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று எண்ணுவோரும் உளர். இரு கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு இருந்தாற்கூட, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு படச்சட்டம் விலகிவிடும். நீண்ட கச்சேரியைப் பதிவோர் இடையிடையே கடிகாரங்களை ஒப்பிடுவது அதனாற்றான். மைக்கை மேடையிலிருந்து பதினான்கு மீட்டர் தள்ளி வைத்தாலோ, எண் எவ்வளவு துல்லியமாயினும் மிருதங்கத்தின் ஒலி விரல் பட்ட பின் ஒரு படச்சட்டம் கழித்தே வரும். அது காற்றின் குற்றம், கடிகாரத்தின் குற்றமன்று.

இந்த இணைப்பு நம்மைப்போல் பல மொழிகளுக்கிடையே வாழ்வோருக்கு ஏன் முக்கியம்? 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கத் துணைக்கோளின் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. ஒரே படத்தோடு இரண்டு ஒலித்தடங்கள் செல்ல அதில் வழி இருந்தது. ஒரு படத்தை இரு மொழியார் தத்தம் மொழியிற் கேட்கலாம். அந்த ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை.

செட்டியாரின் தமிழ்ப் பதிப்போ நெடுங்காலம் காணக் கிடைக்கவில்லை. ஆங்கில வடிவத்தின் படி மட்டும் பின்னாளில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்டது. காந்தியடிகள் அதே வேகத்தில் நடக்கிறார். உடன் வரும் குரல்தான் வேறு. இத்தகைய படத்தின் பழைய ஒலிச்சுருள் எங்கேனும் தனியே கிடைத்தால், அதை மீண்டும் படத்தோடு சேர்க்கக் காலக்குறி இராது. சொல்லையும் காட்சியையும் ஒப்பிட்டு, ஒருவர் அமர்ந்து செவியாற்றான் பொருத்தவேண்டும்.

இக்காலத்து விளக்கவுரைத் தாள்களில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அந்த எட்டு இலக்கங்கள் நிற்கின்றன. மொழிபெயர்ப்போர்க்கு அவை நண்பருமாம், தண்டற்காரருமாம். ஆங்கில வினை முன்னே வரும். தமிழ் வினையோ இறுதியில் வரும். அது வந்து சேருமுன் காட்சி மாறிவிடுகிறது. ஆகையால் நீண்ட வாக்கியத்தை இரண்டாக முறித்து, முதல் வினையைப் படம் மாறுமுன் வைத்துவிடுகிறோம்.