தென்னாற்காடு முதல் விழுப்புரம் வரை: மக்கள்தொகைப் பெருக்கமும் அடுக்குக்குறிச் சார்பும்

மக்கள் பெருகும் வேகம் அந்தந்த நேரத்து மக்கள்தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கொண்டால், அந்தப் பெருக்கம் அடுக்குக்குறிச் சார்பாக அமையும். கணிதவியலாளர் ஆய்லர் 1748-லேயே இத்தகைய கணக்குகளைத் தம் நூலில் போட்டுக் காட்டினார். 1798-இல் பொருளியலாளர் மால்தூஸ் அதைச் சமூகக் கோட்பாடாக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்த ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் பேராசிரியராக இருந்தவரும் அவரே. சென்னை மாகாண நிர்வாகத்துக்கு வந்த பலர் அந்தப் பாடத்தைக் கற்றே வந்தனர்.

அந்தப் பாடத்தைச் சோதித்துப் பார்க்கத் திருவக்கரை, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் அடங்கியிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டம் பொருத்தமான களம். 1871 கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 17.56 லட்சம். 1881-இல் அது 18.15 லட்சம். இடையில் வந்தது 1876–78 தாதுவருடப் பஞ்சம். பட்டினியும் காலராவும் சூறையாடிய அந்தப் பத்தாண்டில் ஆண்டு வளர்வீதம் 0.33 விழுக்காடு. 2-இன் இயல் மடக்கையான 0.693-ஐ இவ்வீதத்தால் வகுத்தால், மக்கள்தொகை இரட்டிக்க 210 ஆண்டுகள் ஆகும் என்று விடை வரும். அடுத்த பத்தாண்டில் தொகை 21.63 லட்சமாக உயர்ந்தது. அதே கணக்கு இப்போது 40 ஆண்டுகள் என்கிறது. 1901-இல் 23.50 லட்சம், இரட்டிக்கும் காலம் மீண்டும் 84 ஆண்டுகளாக நீண்டது. சூத்திரம் ஒன்றுதான். மாறிலி என்று அது எடுத்துக்கொண்ட வளர்வீதம் பத்தாண்டுக்கொருமுறை தலைகீழாக மாறியது. மழை, நெல் விலை, கொள்ளைநோய், புதுச்சேரித் துறைமுகம் வழியே கடல்கடந்து போன கூலிகள் என எதற்கும் அந்தச் சமன்பாட்டில் இடமில்லை.

வளர்ச்சிக்கு ஓர் உச்சவரம்பு வைத்து 1838-இல் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் ஒரு திருத்தத்தைத் தந்தார். ஆனால் தமிழ்நாட்டில் வேகம் குறைந்தது வளம் தீர்ந்ததால் அல்ல. 1961–71 காலத்தில் மாநில மக்கள்தொகை 22.3 விழுக்காடு கூடி 4.12 கோடியைத் தொட்டது. அவ்வேகத்தை அப்படியே நீட்டினால் 2011-இல் 9.2 கோடி வந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது இருந்தவர்கள் 7.21 கோடி. இரண்டு கோடி வித்தியாசத்துக்கு முதன்மைக் காரணம் குடும்பங்கள் எடுத்த முடிவுகள்: பெண்கள் படித்தார்கள், திருமண வயது உயர்ந்தது, குழந்தைச் சாவு குறைந்தது, குடும்பநலத் திட்டம் கிராமம்வரை சென்றது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் மாநிலத்தின் கருவள வீதம் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைகள். மால்தூஸ் எதிர்பாராத மாற்றம் இது. தமிழ்நாட்டு மக்கள்தொகை வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

1993-இல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. அதன் மக்கள்தொகை 2001-இல் 29,60,373, 2011-இல் 34,58,873. பின்னதை முன்னதால் வகுத்தால் 1.168. அதன் இயல் மடக்கை 0.156, பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1.56 விழுக்காடு. இப்படியே போனால் 2021-இல் 40.4 லட்சம் என்று மதிப்பிடலாம். ஆனால் 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. எல்லை மாறியதும் பழைய தொடக்கத் தொகையை வைத்துப் போட்ட கணக்குப் புதிய மாவட்டத்துக்குச் செல்லாது.

ஊர் சிறிதாகச் சிறிதாகப் பிழை பெரிதாகும். மாவட்ட அளவில் பிறப்பும் இறப்பும் கணக்கை நடத்துகின்றன. சிற்றூரிலோ குடிபெயர்வே முந்திக்கொள்கிறது. திருவக்கரை அடங்கிய வானூர் வட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 50,000 பேருக்கெனத் திட்டமிட்டு 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில், அரை நூற்றாண்டு கடந்தபின் வாழ்வோர் ஏறத்தாழ 3,300 பேர். யார் வருகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்பதே அதன் வளர்ச்சி. திருவக்கரையைச் சுற்றியுள்ள கல்குவாரிகளுக்கு வெளியூர்த் தொழிலாளர் வருவதும் போவதும், பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கக் கூட்டம் திரள்வதும் எந்த அடுக்கிலும் அடங்கா. ஆனால் தண்ணீரும் கழிப்பிடமும் அவர்களுக்கும் தேவை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. அதன் முடிவு வரும்வரை, தோராயமான மாவட்ட மதிப்பீட்டுக்கு அடுக்குக்குறிச் சார்பு போதும். ஓர் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை அதை மட்டும் நம்பிக் கட்டக் கூடாது; பிறப்பு இறப்புப் பதிவேடு, குடும்ப அட்டை, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்.